பிஸ்ட்டை விட்டு இறங்குவதற்கு முன்: யாரிடம், எந்த வரிசையில் கற்பது?

என் அக்காவின் பிள்ளைகள் இருவரும் போன மாதம் ஒரே கேள்வியோடு வந்தார்கள். மூத்தவள் ஸ்கி, இளையவன் ஸ்னோபோர்ட். சுவிட்சர்லாந்தில் பள்ளிக்கூடம் போன எங்கள் பிள்ளைகள் பலரையும் போல ஸ்கிலாகர் முகாமில் பழகியவர்கள். நடுத்தரமான சிவப்புப் பாதையில் பயமில்லாமல் இறங்குவார்கள், மிகக் கடினமான கறுப்பிலும் சமாளிப்பார்கள். இப்போது பிஸ்ட் எனப்படும், கோல் நட்டுச் சீர்செய்த பாதையை விட்டு வெளியே, யாரும் மிதிக்காத புதுப்பனியில் இறங்க ஆசை. "மாமா, ஒரு கைடை ஒரு நாளைக்குப் பிடிச்சால் காணும்தானே?" என்றான் இளையவன். காணாது என்று உடனே சொல்லிவிட்டேன். ஆனால் ஏன் காணாது, அதே காசை வேறு எப்படிச் செலவழிக்கலாம் என்று சொல்லி முடிக்க ஒரு மாலை முழுக்கப் போய்விட்டது. அவர்களைப் போல யோசிப்பவர்கள் இன்னும் பலர் இருப்பார்கள் என்பதால் அதையே இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்ள வேண்டும். பிஸ்ட்டுக்கு வெளியே ஓட்டுவதை ஆஃப்-பிஸ்ட் என்று ஒரே சொல்லில் சொல்கிறோம், ஆனால் அதற்குள் இரண்டு படிப்புகள் இருக்கின்றன. ஒன்று கால் படிக்க வேண்டியது: முழங்கால் அளவு பனியில் இரண்டு ஸ்கியிலும் சமமாக எடையை வைப்பது, காற்று இறுக்கிய பனியிலும் மேலே ஓடு கட்டி உள்ளே உடையும் பனியிலும் விழாமல் திரும்புவது, பயந்து பின்னால் சாயாமல் இருப்பது. மற்றது தலை படிக்க வேண்டியது: இந்தச் சாய்வு இன்றைக்கு நம்மைத் தாங்குமா, தாங்காவிட்டால் அந்தப் பனி எங்கே போய்க் குவியும், கூட வந்தவர் புதைந்தால் நான் என்ன செய்வேன். இந்த இரண்டும் சேர்ந்து வளர்வதில்லை. நல்ல ஆசிரியர் கிடைத்தால் கால் ஒரு பருவத்திலேயே தேறிவிடும். தலை தேற ஐந்தாறு குளிர்காலமாவது எடுக்கும். கால் ஓடிவிட்டது, தலை இன்னும் வந்து சேரவில்லை என்ற அந்த இடைவெளிதான் எனக்குப் பயம். ஆகவே ஒவ்வொரு வழியையும் பார்க்கும்போது விலையைவிட, இது எந்தப் படிப்பைத் தருகிறது, எதைத் தராமல் விடுகிறது என்றுதான் நான் கேட்பேன்.

சுவிட்சர்லாந்தில் ஒரு வருடத்துக்கு ஏறத்தாழ 20 பேர் பனிச்சரிவில் சாகிறார்கள். மிகப் பெரும்பாலானோர் பாதுகாக்கப்பட்ட பாதைக்கு வெளியே போனவர்கள். அவர்களில் பத்தில் ஒன்பது பேர் அளவுக்குத் தாங்களோ தங்கள் கூட்டத்தில் ஒருவரோ மிதித்துக் கிளப்பிய சரிவில்தான் அகப்படுகிறார்கள். மலை தானாக வந்து விழுவது குறைவு, நாம் போய்த்தான் அதை எழுப்புகிறோம். இதில் ஒரு ஆறுதலும் இருக்கிறது: நாம் எடுக்கும் முடிவால் மாறக்கூடிய ஆபத்து இது, அதனால்தான் படிப்புக்கு இவ்வளவு மதிப்பு.

சரி, வழிகளுக்கு வருவோம்.

பெரும்பாலானோர் போகும் வழி, தெரிந்த நண்பரோடு போவது. காசு செலவில்லை, பழக்கமான ஆள், அழைத்தால் சனிக்கிழமை காலையே வருவார். நானும் அப்படித்தான் தொடங்கினேன், பன்னிரண்டு வருடங்களுக்கு முன்பு. எங்களை அழைத்துப்போனவர் பிரமாதமாக ஸ்கி ஓட்டுவார், அவருடைய தடத்தைப் பின்பற்றினால் போதும் என்று நாங்கள் நாலு பேரும் நம்பினோம். ஒரு மேட்டுக்குக் கீழே, சமதளம் போலத் தெரிந்த இடத்தில், காலடியில் 'வும்' என்று ஒரு கனத்த சத்தம் கேட்டது, பனி ஒரு விரல் அளவு கீழே இறங்கியது போல இருந்தது. பனி இறுகுகிறது, நல்லதுதான் என்றார் அவர். நாங்களும் தலையாட்டிவிட்டு அடுத்த செங்குத்தான சாய்வில் ஒருவர் பின் ஒருவராக, இடைவெளி விடாமல் இறங்கினோம். ஒன்றும் நடக்கவில்லை. இரண்டு வருடம் கழித்துப் பனிச்சரிவு வகுப்பில் உட்கார்ந்திருந்தபோதுதான் தெரிந்தது: அந்தச் சத்தம் உள்ளே ஒரு பலவீனமான படை, அதாவது பனி அடுக்கு, உடைந்து அமுங்கும் சத்தம், மலை தரும் எச்சரிக்கைகளில் மிகத் தெளிவானது அதுதான். அன்று எனக்கு வேர்த்தது, வகுப்பறையில்.

அந்த நண்பர் கெட்டவர் இல்லை. நன்றாக ஓட்டுகிறவருக்கு மலையும் தெரியும் என்று நாங்களாக நினைத்துக்கொண்டோம். இயன் மெக்கமன் என்ற அமெரிக்க ஆய்வாளர் நூற்றுக்கணக்கான விபத்துகளை அலசி, மக்கள் விழும் மனப்பொறிகளைப் பட்டியலிட்டார். பழகிய இடம் என்ற நம்பிக்கை, நண்பர்கள் முன்னால் பின்வாங்கத் தயங்குவது, நிபுணர் என்று ஒருவரை நினைத்து அவருக்குப் பின்னால் போவது, யாரும் தொடாத பனியைப் பார்த்ததும் வரும் அவசரம் எல்லாம் அதில் உண்டு. நண்பரோடு போகும் வழியில் இவை அத்தனையும் ஒரே நாளில் கூடி நிற்கும். ஆகவே என் தீர்ப்பு இதுதான்: நண்பர்கள் பயிற்சிக்கு நல்லவர்கள், தொடக்கத்துக்கு இல்லை. நீங்களும் அவர்களும் இதே பாடத்தைப் படித்த பிறகு சேர்ந்து போங்கள், அப்போது அதைவிட இனிமையான நாள் கிடையாது.

அடுத்தது ஸ்கிப் பள்ளியின் ஆஃப்-பிஸ்ட் வகுப்பு. குழுவாகச் சேர்ந்தால் அரை நாளுக்கு ஏறத்தாழ 100 பிராங் ஆகும், தனி ஆசிரியர் என்றால் பல மடங்கு. காலுக்கான படிப்புக்கு இதை அடிக்க வேறு வழியே இல்லை. மலை வழிகாட்டி உங்களைப் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்ப்பார், ஆனால் உங்கள் வலது தோள் ஏன் பின்னால் போகிறது என்று நின்று பார்ப்பது ஸ்கி ஆசிரியரின் வேலை. புதுப்பனியில் வேகம் கொஞ்சம் இருந்தால்தான் ஸ்கி மிதக்கும், மெதுவாகப் போனால் பாதுகாப்பு என்று பிஸ்ட்டில் பழகியவருக்கு அது தலைகீழாக இருக்கும். கால்களை விரித்து ஒன்றில் அழுத்தித் திரும்பும் பழக்கம் அங்கே உடனே தண்டிக்கும், ஒரு ஸ்கி அமிழ்ந்து மற்றது வேறு திசையில் போகும். இதையெல்லாம் ஒருவர் பின்னாலேயே வந்து பார்த்துச் சொன்னால் மூன்று அரை நாளில் பெரிய மாற்றம் தெரியும்.

இந்த வகுப்பை எங்கே வைக்கிறார்கள் என்பது முக்கியம். சுவிட்சர்லாந்தில் மஞ்சள் குறியிட்ட இறங்குவழிகள் இருக்கின்றன. வெர்பியேயில் ஷாசூர் கணவாயிலிருந்து தோர்தாங்குக்கு இறங்குவது நன்றாகத் தெரிந்த ஒன்று. இவற்றைத் திறந்து வைத்திருக்கும்போது பனிச்சரிவிலிருந்து பாதுகாத்திருப்பார்கள், ஆனால் இயந்திரத்தால் சீர்செய்யமாட்டார்கள், மாலையில் யாரும் கடைசி ரோந்து வரவும் மாட்டார்கள். அதாவது காட்டுப்பனியில் கால் பழகலாம், பனிச்சரிவைப் பற்றிய முடிவை அன்று மலை நிர்வாகமே எடுத்திருக்கும். தொடங்குகிறவருக்கு இதைவிடப் பொருத்தமான பள்ளிக்கூடம் நான் பார்த்ததில்லை. ஆனால் அந்த மஞ்சள் கோல்களை விட்டு ஐந்து மீட்டர் தள்ளினாலும் கதை மாறிவிடும். ஐரோப்பாவில் குறியிட்ட வழிக்கு வெளியே எல்லாமே உங்கள் பொறுப்பு. கனடாவிலோ அமெரிக்காவிலோ ஓட்டிப் பழகியவர்கள் இங்கே வரும்போது இதைத்தான் மறந்துபோகிறார்கள், அங்கே ரிசார்ட் எல்லைக்கு உள்ளே உள்ள சீர்செய்யாத சாய்வுகளிலும் பனிச்சரிவுக் கட்டுப்பாடு செய்வது வழக்கம்.

ஸ்கிப் பள்ளி வகுப்பில் குறையும் ஒன்று உண்டு. புதைந்தவரைத் தேட உதவும் சமிக்ஞைக் கருவியான பீக்கனைக் கட்டச் சொல்வார்கள், பத்து நிமிடம் விளக்குவார்கள், அவ்வளவுதான். மூன்று வகுப்பு முடித்துவிட்டு "எனக்கு ஆஃப்-பிஸ்ட் தெரியும்" என்று வருகிறவர்தான் நான் மேலே சொன்ன இடைவெளியில் நிற்பவர்.

இனி மலை வழிகாட்டி. பெர்க்ஃபூரர் என்பது இங்கே பாதுகாக்கப்பட்ட தொழில், பல வருடப் பயிற்சி, சர்வதேச வழிகாட்டிகள் சங்கத்தின் பட்டயம், 2014 முதல் கூட்டாட்சிச் சட்டப்படி அனுமதியும் வேண்டும். ஒரு நாளுக்கு ஏறத்தாழ 700 பிராங், நாலைந்து பேர் சேர்ந்தால் பிரித்துக்கொள்ளலாம். பனிப்பாற்றுக்கு மேலே போவதென்றால் எனக்கு இதில் பேச்சே இல்லை. பனிப்பிளவுகள் புதுப்பனிக்கு அடியில் மூடிக் கிடக்கும், மேலிருந்து பார்த்தால் பால் போல வழவழவென்று இருக்கும். பிரான்சில் ஷமோனியின் வலே பிளான்ஷ் போல 20 கிலோமீட்டர் பனிப்பாற்று இறக்கத்தை நல்ல சிவப்புப் பாதை ஓட்டுநர் ஒருவர் வழிகாட்டியோடு செய்யலாம், தனியாக ஒருபோதும் கூடாது.

ஆனால் கற்பதற்காக என்றால்? இளையவன் கேட்டதற்கு இங்கேதான் பதில். ஒரு நாளில் வழிகாட்டி உங்களுக்காக நூறு முடிவு எடுப்பார், அதில் தொண்ணூறு உங்கள் கண்ணுக்கே தெரியாது. ஏன் அந்த மேட்டைச் சுற்றிப் போனார், ஏன் அங்கே நிறுத்தாமல் இங்கே நிறுத்தினார் என்று புரியாமலே வாழ்நாளின் அருமையான நாளோடு வீட்டுக்கு வருவீர்கள், அடுத்த வாரம் அதே இடத்துக்கு நண்பர்களோடு போகத் தோன்றும். அதுதான் ஆபத்து. முதலில் அடிப்படை தெரிந்துகொண்டு வழிகாட்டியோடு போனால் அதே 700 பிராங் பத்து மடங்கு தரும், ஏனென்றால் கேட்க உங்களிடம் கேள்விகள் இருக்கும். பதிவு செய்யும்போதே "கூட்டிப்போக மட்டும் வேண்டாம், முடிவுகளை வாய்விட்டுச் சொல்லி, சிலதை எங்களிடம் விட்டுப் பாருங்கள்" என்று சொல்லுங்கள். நான் போனவர்களில் ஒருவரும் இதற்கு மறுக்கவில்லை, சிலர் முகம் மலர்ந்தே போனது.

அந்த அடிப்படைக்கான இடம் இரண்டு நாள் பனிச்சரிவுப் பயிற்சி. கனடாவில் இதற்கு ஏ.எஸ்.டி. 1 என்று பெயர், அமெரிக்காவில் ஏயார் 1 என்று மூன்று நாள் வகுப்பாக நடக்கும், இங்கே வழிகாட்டிகளும் மலையேறிகளின் சங்கமான ஆல்பைன் கிளப்பும் நடத்துகிறார்கள், ஏறத்தாழ 300 முதல் 450 பிராங். பார்ப்பதற்குக் கவர்ச்சி இல்லாத வழி இதுதான். பாதி நேரம் வகுப்பறை, மீதி நேரம் பனியில் குழி தோண்டுவது, யாரும் படம் எடுத்து அனுப்பமாட்டார்கள். எனக்கு ஒரே ஒரு வழியைத்தான் தேர்ந்தெடுக்கலாம் என்று சொன்னால் கண்ணை மூடிக்கொண்டு இதைத்தான் சொல்வேன்.

அங்கே கிடைப்பதில் மூன்றை மட்டும் சொல்கிறேன். ஒன்று, டாவோஸில் உள்ள எஸ்.எல்.எஃப். பனிச்சரிவு ஆய்வு நிலையத்தின் அறிக்கையை வாசிக்கும் முறை. குளிர்காலத்தில் மாலை 5 மணிக்கும் காலை 8 மணிக்கும் வரும். ஐந்து நிலைகளில் 3 என்றால் நடுத்தரம் என்று நம்மில் பலர் நினைத்துக்கொள்கிறோம், பள்ளிக்கூட மதிப்பெண் பழக்கம். ஆனால் சாவுகளில் ஏறத்தாழ பாதி நடப்பது அந்த 3இல்தான். 4, 5 நிலைகளில் ஆட்கள் பயந்து வெளியே போவதில்லை, 3இல் வெயில் அடிக்கும், பனி மின்னும், எல்லோரும் போவார்கள். எண்ணைவிட அதற்குக் கீழே எழுதியிருப்பதுதான் முக்கியம்: எந்தத் திசைச் சாய்வு, எந்த உயரத்துக்கு மேலே, புதுப்பனியா, காற்று குவித்ததா, அடியில் கிடக்கும் பழைய படையா. பழைய படை என்று இருந்தால் நான் மென்சாய்வுக்குப் போய்விடுவேன், அது கண்ணுக்குத் தெரியாது, வாரக்கணக்கில் காத்திருக்கும்.

இரண்டாவது, கோணம். பனிச்சரிவு பெரும்பாலும் 30 பாகைக்கு மேற்பட்ட சாய்வில்தான் கிளம்பும். சிவப்புப் பாதையின் வழக்கமான எல்லை 40 சதவீதம், பாகையில் சொன்னால் 22 அளவுதான், ஆகவே 30 என்பது ஏற்கெனவே நல்ல செங்குத்தான கறுப்பு. சுவிஸ் மலையேறி வெர்னர் முன்டர் கொண்டுவந்த கணக்கு தொடங்குகிறவருக்கு இன்றும் பெரிய துணை: நிலை 2 என்றால் 40 பாகைக்குள், 3 என்றால் 35க்குள், 4 என்றால் 30க்குள். இது உத்தரவாதம் இல்லை, ஆனால் மனம் ஆசைப்படும்போது வாதாட முடியாத ஒரு எண் கையில் இருக்கும். நிற்கும் இடம் 20 பாகை என்றாலும் மேலே தொங்கும் சாய்வையும் சேர்த்துத்தான் எண்ண வேண்டும், எங்களுக்கு அன்று தெரியாமல் போனது இதுவும்தான். 30 பாகைக்கு மேற்பட்ட சாய்வுகளை நிறம் தீட்டிக் காட்டும் வரைபடம் ஒயிட் ரிஸ்க் செயலியிலேயே இருக்கிறது.

மூன்றாவது, மீட்பு. புதைந்தவர் பிழைக்கும் வாய்ப்பு முதல் 10 நிமிடத்தில் 90 சதவீதத்துக்கு மேல், அதற்குப் பிறகு செங்குத்தாக விழுகிறது. மீட்பு ஹெலிகாப்டருக்கான 1414 எண்ணை அழைத்தாலும் பத்து நிமிடத்தில் வந்து தோண்டி முடிக்க முடியாது. கூட வந்தவர்தான் மீட்புப்படை. பீக்கனும் பனியில் குத்தித் தேடும் கம்பும் பனியைத் தோண்டும் ஷவலும் மூன்றும் சேர்ந்தால்தான் ஒன்று, ஷவல் இல்லாதவரிடம் பீக்கன் இருந்தால் நண்பன் எங்கே புதைந்திருக்கிறான் என்று தெரியும், எடுக்க முடியாது. வகுப்பில் நாங்கள் இரண்டு பேராக ஒரு மீட்டர் ஆழத்தில் புதைத்த பையைத் தோண்டினோம். ஓடிவந்த பனி நின்றதும் சிமெந்து போல இறுகிவிடும், மூச்சு வாங்கியது. கைபேசி பீக்கனைக் குழப்பும் என்பதும் அங்கேதான் உறைத்தது, தேடும்போது 50 சென்டிமீட்டராவது தள்ளி, அணைத்து வைப்பதே நல்லது.

சுவிஸ் ஆல்பைன் கிளப்பைத் தனியாகச் சொல்ல வேண்டும். 1863இல் தொடங்கியது, ஊருக்கு ஊர் கிளை இருக்கிறது, தன்னார்வத் தலைவர்கள் நடத்தும் பயணங்களுக்கு மிகக் குறைந்த செலவுதான். ஆனால் லிஃப்டில் ஏறி இறங்குவது அங்கே வழக்கமில்லை, ஸ்கிக்கு அடியில் பின்னால் வழுக்காமல் பிடிக்கும் 'தோல்' பட்டையை ஒட்டி மூன்று மணி நேரம் ஏறி ஒரு முறை இறங்குவார்கள். பேச்சு பெரும்பாலும் வட்டார ஜெர்மனில்தான் ஓடும். எனக்கு அது முதல் வருடம் சங்கடமாக இருந்தது, பிறகு அந்த மூன்று மணி நேர ஏற்றத்தில்தான் மலையைப் பற்றிப் பாதியைக் கற்றேன், பக்கத்தில் நடந்தவர் பேசிக்கொண்டே வந்தார். பொறுமையும் நேரமும் உள்ளவருக்கு நீண்ட நாளைக்கான சிறந்த வழி. முதல் குளிர்காலத்திலேயே புதுப்பனி வேண்டும் என்பவருக்கு ஒத்துவராது.

இந்தியாவிலிருந்து யோசிப்பவர்களுக்கு காஷ்மீரின் குல்மார்க் நினைவுக்கு வரும். அங்குள்ள கொண்டோலா கம்பிவட வண்டியின் இரண்டாம் கட்டம் அஃபர்வத் மலையில் ஏறத்தாழ 3,950 மீட்டர் வரை கொண்டுபோய் விடுகிறது, பனியும் மிக அருமையானது. அதனாலேயே கற்கும் இடம் இல்லை என்பேன். மேலே இறங்கியதும் நேராக உயர்மலை, ரோந்துக்காரர்கள் கவனிக்கும் கிண்ணம் போன்ற பகுதிக்கு இரண்டு பக்கமும் கட்டுப்பாடு இல்லாத சாய்வுகள், இடையில் பழகுவதற்கு நடுத்தரமான இடம் மிகக் குறைவு. 2023 பிப்ரவரியில் அங்கே போலந்தைச் சேர்ந்த இரண்டு பேர் பனிச்சரிவில் இறந்தார்கள், அடுத்த வருடம் அதே மாதத்தில் ரஷ்யர் ஒருவர். கீழே உள்ள தொடக்கச் சாய்வுகளில் ஸ்கி பழகலாம், முதல் கட்டம் வரைக்கும் போகலாம். இரண்டாம் கட்டத்துக்கு மேலே, வேறு இடத்தில் இரண்டு படிப்பையும் முடித்து வழிகாட்டியோடு போங்கள்.

ஸ்னோபோர்ட்காரர்களுக்கு ஒரு சொல். புதுப்பனியில் கால் பழகுவது உங்களுக்கு ஸ்கியைவிடச் சுலபம், அகலமான ஒரே பலகை தானாக மிதக்கும், காலைப் பலகையோடு பிணைக்கும் பைண்டிங்கைக் கொஞ்சம் பின்னால் தள்ளி வைத்தால் பலகையின் முன்முனை அமிழாது. அந்தச் சுலபமே இடைவெளியைப் பெரிதாக்குகிறது. மற்றபடி நிலைமை ஸ்கியைவிடக் கடினம். சமதளத்தில் நின்றுவிட்டால் இடுப்பளவு பனியில் பலகையைக் கழற்றித் தவழ வேண்டும். பனிச்சரிவில் அகப்பட்டால் ஸ்கி கழன்றுவிடக்கூடும், பலகை கழலாது, கீழே இழுக்கும். நண்பரைத் தேட மேல்நோக்கிப் போவதென்றாலும் கழற்றிவிட்டு நடக்க வேண்டும். ஆகவே வகுப்போ வழிகாட்டியோ பதிவு செய்யும்போது ஸ்னோபோர்ட் என்று முன்கூட்டியே சொல்லுங்கள், நீண்ட குறுக்குப் பாதைகள் இல்லாத இறக்கத்தைத் தேர்ந்தெடுப்பார்கள்.

சரிவில் அகப்பட்டால் ஊதி விரியும் காற்றுப்பை உள்ள முதுகுப்பையைப் பற்றி மூத்தவள் கேட்டாள். விரிந்தால் சாவைக் கணிசமாகக் குறைக்கிறது, ஆய்வுகளும் அப்படித்தான் சொல்கின்றன. ஆனால் அந்தக் காசில் பனிச்சரிவு வகுப்பும் வழிகாட்டி நாளில் ஒரு பங்கும் வந்துவிடும், முதல் வருடம் அதுவே மேல். பீக்கன், கம்பு, ஷவல் மூன்றையும் முதலில் வாடகைக்கு எடுக்கலாம், வகுப்பில் பயன்படுத்திய அதே வகையைப் பிறகு வாங்குங்கள், பதற்றத்தில் கை அதையே தேடும்.

ஆக, தலைக்கு ஏறத்தாழ 1,000 பிராங் என்று வைத்துக்கொண்டு இருவருக்கும் நான் போட்டுக்கொடுத்த வரிசை இது. டிசம்பரில் பனிச்சரிவு வகுப்பு, புதுப்பனியில் கால் வைக்கும் முன்பே. ஜனவரியில் மூன்று அரை நாள் ஸ்கிப் பள்ளி, மஞ்சள் வழியில், அவன் ஸ்னோபோர்ட் ஆசிரியரிடம், அவள் ஸ்கி ஆசிரியரிடம். பிப்ரவரி கடைசியில் இன்னும் இரண்டு நண்பர்களைச் சேர்த்து ஒரு நாள் வழிகாட்டி, கேள்விகளோடு. மார்ச்சில் வெயில் மேலே இளக்கிய பனியில் காலை வேளைகளில் மட்டும் அவர்களாகவே, 30 பாகைக்குக் கீழே.

அவன் ஜனவரியையும் டிசம்பரையும் மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்டுப் பார்த்தான். மாட்டேன் என்றேன். அதற்குப் பதிலாக, பல மலைகளில் இலவசமாகத் திறந்திருக்கும் பேரிவாக்ஸ் பயிற்சித் திடலுக்கு டிசம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமையே கூட்டிப்போகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். பனிக்கு அடியில் புதைத்த பெட்டிகள் பொத்தானை அழுத்தியதும் சமிக்ஞை அனுப்பும், பீக்கனால் தேடிக் கம்பால் குத்திக் கண்டுபிடிக்க வேண்டும். அக்கா புட்டு அவித்துக் கட்டித்தருவதாகச் சொல்லியிருக்கிறாள். நேரக்கணக்கு நான் வைத்திருப்பேன், பத்து நிமிடம்.